ஏழாம் மாதத்து வெள்ளைச் சாக்லேட்

ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தே சொல்லிவிடுவேன். பாதி வாழ்நாளை ஃபிரிட்ஜ் மெக்கானிக்காகக் கழித்தவனுக்கு இது பெரிய வித்தையில்லை. கதவில் பால் பாக்கெட் நாலு, கீழ்த்தட்டில் தோசைமாவு, வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் யாரோ ஒளித்துவைத்த மிட்டாய் என்றால் பிள்ளைகள் உள்ள வீடு. இன்சுலினும் பாதி எலுமிச்சையும் மட்டும் என்றால் வயதானவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் வளைகுடாவில். கேரள எல்லையிலுள்ள எங்கள் பாறசாலையிலிருந்து அந்தப் பக்கம் பனச்சமூடு, இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை வரை எத்தனையோ வீடுகளின் வயிற்றைப் பார்த்துவிட்டேன்.

என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சட்டி மீன்குழம்பு, எப்போது வாங்கினேன் என்று எனக்கே தெரியாத ஒரு தக்காளி. வேறு மெக்கானிக் யாராவது திறந்தால், இந்த வீட்டில் கரண்ட் மட்டும்தான் குடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவான். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருடம். மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம் வீடு. தூரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, களியக்காவிளை தாண்டி முக்கால் மணி நேரம். ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு ரிப்பேர் சாக்கில்கூட அடிக்கடி போக முடியாது. அவர்கள் ஃபிரிட்ஜ் வேறு கெடுவதே இல்லை.

இந்த வருடம் சித்திரையில் மகளுக்கு ஏழாம் மாதம் பிறந்தது. எங்கள் பக்கத்தில் முதல் பிரசவம் பெண் வீட்டுக்காரர்களின் பொறுப்பு. ஏழாம் மாதம் பலகாரம் கொண்டுபோய்ப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். முறுக்கு, அச்சப்பம், முந்திரிக்கொத்து என்று ஏழு கூட்டம், அதாவது ஏழு வகைப் பலகாரத்தோடு பெண்கள் முன்னால் போவார்கள். ஆண்கள் பின்னால் போய் வாசலில் நின்று வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் முன்னால் போகப் பாலராமபுரத்து அக்காவை விட்டால் ஆளில்லை. பெண் வீடு என்பது இப்போது நான் ஒருவன்தான். மகளின் மாமியார் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரி அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். இங்கே வந்தால் அவளுக்கு வெந்நீர் போட்டுக்கொடுக்கப் போவது நான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மகள் மட்டும் போனில், "நீங்க வாங்கப்பா, வந்த பொறவு பாப்போம்" என்றாள்.

அந்தப் 'பாப்போம்' எனக்குப் பழக்கமான சொல். கம்ப்ரஸர் போய்விட்ட ஃபிரிட்ஜின் முன்னால் நின்றுகொண்டு நானும் அதைத்தான் சொல்வேன்.

"ஏழு கூட்டத்துக்கும் அத்தகிட்ட சொல்லியாச்சு மக்கா. ஒனக்குன்னு தனியா ஒண்ணு சொல்லு. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்பா. முறுக்கக் கண்டாலே ஓக்காளம் வருது."

"பின்ன என்னத்தத்தான் திங்குத?"

"ஒயிட் சாக்லேட் டிரஃபிள் உண்டுல்லா, உருண்ட உருண்டயா, உள்ள பழம் போட்டு. ஃபோன்ல பாத்தேன். நாலு நாளா அதே நெனப்பு."

"அதுக்கென்ன, நான் செய்து கொண்டு வாறேன்."



"கடையில வாங்கினா போரும்பா."

"ஏன், எனக்குக் கையில்லையா?"

"கையுண்டு. நீங்க போட்ட சாயாவ நான் சாமி கும்பிட்டுட்டுத்தான் குடிப்பேன், ஓர்மையுண்டா?"

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். வைத்த பிறகுதான் பயம் வந்தது. அதோடு ஒரு கணக்கும் வந்தது. அந்த உருண்டையை நான் ஒழுங்காகச் செய்து கொண்டுபோய் வைத்தால் அவள் என்னோடு வந்துவிடுவாள். இனிப்பு உருட்டத் தெரிந்தவனுக்குப் பிள்ளைபெற்றவளைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்பது எந்த ஊர் நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். என் ஊர் நியாயம். அந்த வாரம் அந்த ஊரில் நான் ஒருவன்தான் குடியிருந்தேன்.

நெய்யாற்றின்கரையில் கேக் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைப் பெண், "கேக்கினாணோ சேட்டா?" என்று, கேக்குக்குத்தானா என மலையாளத்தில் கேட்டாள். "அல்ல, பிரசவத்தினு" என்றேன். அவள் என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு இரண்டு கட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று விலை குறைவு, வெயிலுக்கு உருகாது, வீட்டில் கேக் செய்கிறவர்கள் எல்லாரும் வாங்குவது அதுதான் என்றாள். மற்றது அசல் வெள்ளைச் சாக்லேட், பார்த்தாலே உருகும். மகளுக்கு என்று வந்த பிறகு எவனாவது முதலாவதை வாங்குவானா? அசலிலேயே இரண்டு கட்டி வாங்கினேன். குளிரூட்டும் தொழில் செய்கிறவன் செய்த முதல் முட்டாள்தனம் அது.

பழம் பேஷன் ஃப்ரூட். வேலியில் சும்மா காய்த்துக் கிடந்தது. சாக்லேட்டை அடுப்பில் நேராக வைக்கக்கூடாது, ஆவியில் உருக்கவேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். ஆவி என்றால் எனக்குத் தெரிந்தது புட்டுக்குடம். புட்டுக்குடத்தின் வாயில் கிண்ணத்தை வைத்தேன். ஆவி கிண்ணத்தைச் சுற்றிவந்து உள்ளே சொட்டியது. அது போதாதென்று பேஷன் ஃப்ரூட் சாற்றைப் பிழிந்து மொத்தமாக ஊற்றினேன். பாலாடை போல இருந்த சாக்லேட் கண்முன்னால் நொறுநொறுத்து, இறுகி, கரண்டியைப் பிடித்துக்கொண்டது. கரண்டியைத் தூக்கினால் கிண்ணமும் கூட வந்தது.

அந்த நேரம் பார்த்து மீன்காரி வந்தாள். ஸ்கூட்டரின் பின்னால் பெட்டி வைத்துக் கடற்கரையிலிருந்து தினமும் வருகிறவள். எனக்கு நாலு சாளை மீனைக் கழுவி நறுக்கியே தந்துவிடுவாள். ஒற்றை ஆளுக்கு இது போதும் என்று முதல் நாளே அளவைத் தீர்மானித்தவளும் அவள்தான். பல நாட்கள் நான் வீட்டில் வாய் திறந்து பேசுவது அவளோடு மட்டும்தான்.

"என்னண்ணா அது? டைல்ஸ் ஒட்டப் போறியளா?"

"பலகாரமாக்கும்."

"ஆருக்கு?"

"மகளுக்கு. ஏழாம் மாசம்."

அவள் கிண்ணத்தை வாங்கிச் சுவரில் தட்டிப் பார்த்தாள். "அண்ணனுக்கு நல்ல மனசு. கூட இத்திரி மூளையும் குடுத்திருக்கலாம் கடவுளு" என்றுவிட்டு மீனை எடுக்கப் போனாள்.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் கை தானாகத் தேங்காயெண்ணெய்க்குப் போகும். கதவு கீச்சிட்டால் அதுதான். தலை வலித்தால் அதுதான். பலாச்சக்கையின் பால் விரலில் ஒட்டினால் அதுதான். மறுநாள் இரண்டாவது கட்டியை உருக்கினேன். பழச்சாறு இந்தமுறை கொஞ்சம்தான். ஆனாலும் இறுகப் பார்த்தது. இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டேன். அடடா, என்ன ஒரு பணிவு. சாக்லேட் இளகி, பளபளத்து, நான் சொன்னபடி கேட்டது. இன்னும் இரண்டு கரண்டி விட்டேன். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து உருட்டினால் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக நின்றது. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

"எந்தக் கடைப்பா?" என்று பதில் வந்தது.

"அப்பன் கடையாக்கும்."

ஒரு இதயம் வந்தது. சிவப்பில். அதை நான் நான்கு முறை திறந்து பார்த்தேன்.

ருசி பார்ப்பதற்காக ஆறு உருண்டையை ஒரு தட்டில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளிக்கும் முன் தலைக்குத் தேய்க்க எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். எண்ணெய் வழவழவென்று உள்ளங்கையில் கொட்டியது. கையைத் தலைக்குக் கொண்டுபோனவன் பாதி வழியில் நின்றுவிட்டேன். தினமும் காலையில் இந்தப் பாட்டிலைக் கவிழ்க்கிறேன். சித்திரை மாதத்தில் இது என்றைக்காவது கட்டியாக இருந்திருக்கிறதா? இருபத்துநான்கு டிகிரிக்கு மேல் தேங்காயெண்ணெய் தண்ணீர். ஏசி மாட்டித்தரும் வீட்டில் எல்லாம் இருபத்துநான்கில் வையுங்கள் என்று நானே சொல்லிவிட்டு வருகிற அதே இருபத்துநான்கு. துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தேன். தட்டில் உருண்டைகள் இல்லை. வெள்ளையாக ஒரு குளம் இருந்தது. கரையில் எறும்புகள் வந்துவிட்டன.

பலகாரம் கொண்டுபோக இரண்டு நாள்தான் இருந்தது. நான் பதறிய விதத்தை இப்போது சொல்லக்கூடக் கூச்சமாக இருக்கிறது. மீதி உருண்டைகள் இருக்கின்றனவா என்று ஃபிரிட்ஜை அரை மணி நேரத்தில் பதினைந்து முறை திறந்தேன். சும்மா சும்மா கதவைத் திறக்காதீர்கள் என்று ஊரெல்லாம் பெண்களைத் திட்டுகிற வாய் இது. பிறகு ஒரு யோசனை உதித்தது. வேலைக்குச் சாமான் ஏற்றிவரும் மினி லாரிக்காரனுக்குப் போன் போட்டேன்.

"நாளான்னைக்கு மார்த்தாண்டம் வரைக்கும் ஒரு ஓட்டம் உண்டு."

"என்னத்த ஏத்தணும்?"

"எனக்க வீட்டு ஃபிரிட்ஜ். கூட ஒரு இன்வெர்ட்டர்."

"எங்க இறக்கணும்?"

"இறக்கண்டாம். கதவத் தொறந்து காட்டிட்டு, திரும்ப இங்க கொண்டாந்து வைக்கணும்."

"எலே, நீ குடிச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

குடிக்கவில்லை. சின்ன உருண்டை உருகினதற்கா இத்தனை கூத்து என்று எனக்கே தெரிந்தது. உருண்டைக்காக இல்லை என்பதும் தெரிந்தது. மகளுக்காக ஒதுக்கிவைத்த அறையில் புது மெத்தை விரித்து வைத்திருந்தேன். தொட்டிலுக்குக் கூரையில் கொக்கி மாட்டியாகிவிட்டது. இளநீர், முட்டை, பால், ஆரஞ்சு என்று ஃபிரிட்ஜை நிறைத்திருந்தேன். அந்த அறையைக் கடந்து அடுக்களைக்குப் போகும்போதெல்லாம் கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன். நல்ல பலம்.

மறுநாள் காலை பின்வாசலுக்கு வந்த மீன்காரியிடம் குளத்தைக் காட்டி எண்ணெய்க் கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"அண்ணா, பழத்துல இருக்க வெள்ளத்த என்ன செய்தியோ?"

"வெள்ளமா? பழத்துல ஏது தண்ணி?"

"வெள்ளத்தோட போட்டா எது நிக்கும்? அந்தா பாருங்க, வருக்கச் சக்க ஒங்களுக்க தலைக்கு மேல தொங்குது. வரட்டி எடுங்க. நல்லா வத்தின வரட்டியில வெள்ளம் கெடயாது. எண்ணெயத் தலையில மட்டும் தேயுங்க, மனசிலாச்சா?"

வீட்டுக்குப் பின்னால் அந்தப் பலாமரம் இந்த வருடமும் காய்த்துத் தள்ளியிருந்தது. நான் தொடவேயில்லை. சக்கை தனியாளுக்கான பழம் அல்ல. அதை வெட்ட ஒருவர், பால் துடைக்க ஒருவர், சுளை பறிக்க இரண்டு பேர், அங்கேயே நின்று தின்ன நாலு பேர் என்று ஒரு கூட்டம் வேண்டும். ஒற்றை ஆள் ஒரு சக்கையை வெட்டினால் அன்று முழுக்க அதுவே வேலை. பாதி தின்னும்முன் வயிறு நிறைந்து, மீதி வாசனை மட்டும் மூன்று நாள் வீட்டில் கிடக்கும். அதனால் பழுத்துத் தானாக விழும் வரை விட்டுவிடுவேன். பொத்தென்று ஒரு சத்தம் வரும். யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து பார்ப்பேன்.

அன்று வெட்டினேன். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன். அதற்கும் கடைசியில் ஒரு மரியாதையான வேலை கிடைத்தது. பாதிச் சக்கையை மீன்காரி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனாள். மீதியை நறுக்கி வேகவைத்து மசித்து உருளியில் போட்டுக் கிளறினேன். வெல்லம் போட்டால் நிறம் கறுத்துவிடும் என்று கொஞ்சம் சர்க்கரை மட்டும். முதலில் அது தெறித்துக் கையைச் சுட்டது, பிறகு குமிழி விட்டது, பிறகு மெல்ல அடங்கிக் கனத்தது. இரண்டு மணி நேரம். பலாச்சுளையை வற்றக் கிளறும் இந்த வரட்டிக்குப் பக்குவம் ஒன்றுதான்: கரண்டியால் இழுத்தால் உருளியின் அடி தெரியவேண்டும், தெரிந்த இடம் திரும்ப மூடக்கூடாது. மனைவி இருந்தபோது கிளறுவது என் வேலை, பக்குவம் சொல்வது அவள் வேலை. அடி தெரிந்தபோது பழக்கத்தில், "போருமா?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு நானே "போரும்" என்று சொல்லி அடுப்பை அணைத்தேன்.

கடைக்குப் போய் மூன்றாவது கட்டி வாங்கிவந்தேன். இந்தமுறை வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கிவைத்து, அதன்மேல் அகலமான கிண்ணத்தை ஆவி வெளியே வராதபடி மூடிவைத்து, பொடியாக நறுக்கிய சாக்லேட்டை மெதுவாக இளகவிட்டேன். ஒரு துளி தண்ணீர் படவிடவில்லை. ஆறின வரட்டியையும் கொஞ்சம் வெண்ணெயையும் அதில் சேர்த்தேன். இறுகவில்லை, குளமாகவும் ஆகவில்லை. குளிரவைத்து உருட்டும்போது மட்டும் என் உள்ளங்கைச் சூட்டில் பிசுபிசுத்தது. கையை ஐஸ் தண்ணீரில் முக்கி, துடைத்து, இரண்டு உருட்டி, மறுபடி முக்கி, துடைத்து. கடைசியில் உருக்கிய சாக்லேட்டில் ஒவ்வொன்றையும் முக்கி எடுத்துப் பால்பொடியில் புரட்டினேன். கோலிக்குண்டு மாதிரி வரவில்லை. சில உருண்டைகள் கோழிமுட்டை, சில எலுமிச்சை, ஒன்று அப்படியே எங்கள் பஞ்சாயத்து மெம்பரின் தலை. ஆனால் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் வியர்த்தது. நின்றது.

கொண்டுபோக மீன்காரி ஒரு தெர்மோகோல் பெட்டி தந்தாள். "புதுசாக்கும். மீன் தொடாதது" என்றாள். அடியில் ஐஸ், மேலே எவர்சில்வர் தூக்கு, அதற்குள் உருண்டைகள். பாலராமபுரத்திலிருந்து அக்கா புதுக் கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு ஏழு கூட்டம் பலகாரத்தோடு வாடகைக் காரில் வந்தாள். நான் ஏறி உட்கார்ந்ததும் என் மடியில் பெட்டியைப் பார்த்தாள்.

"நல்ல காரியத்துக்குப் போவும்போ மீன் பெட்டிய எதுக்குலே தூக்கிட்டு வாற?"

"ஒன் மருமவளுக்குள்ளதாக்கும்."

"ஒனக்கு என்னைக்குத்தான் புத்தி வருமோ" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். களியக்காவிளை நெரிசலில் கார் நின்றபோது பெட்டி மூடியை இரண்டு முறை திறந்து பார்த்தேன். மூன்றாவது முறை அக்கா கையில் அடித்தாள்.

வாசலில் சம்பந்தியம்மா வரவேற்றார். பெட்டியைப் பார்த்ததும், "மீனெல்லாம் எதுக்கு அண்ணா கொண்டு வந்தீங்க" என்றார், மிகுந்த மரியாதையோடு. மகள் உள்ளேயிருந்து மெதுவாக நடந்துவந்தாள். கால் வீங்கியிருந்தது. முகம் அவள் அம்மா முகமாக மாறிக்கொண்டிருந்தது. தூக்கைத் திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கடித்தாள். வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சக்கயா?"

"நம்ம பொறவாசல் மரமாக்கும்."

நின்றபடியே நாலு தின்றாள். ஐந்தாவதை மாமியார் வாங்கிக் கடித்துப் பார்த்து, "கொள்ளாமே, நல்லாருக்கே" என்றார். எனக்கு அந்த நேரம் பூமியில் கால் இல்லை. கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா முறைப்படி கேட்டாள். "அப்பம், பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போவட்டா?"

சம்பந்தியம்மா மகளைப் பார்த்தார். "ஒங்களுக்க பிள்ள. நாங்க தடை சொல்லமாட்டோம். அவ சொல்லட்டு."

மகள் தூக்கை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "இது உருகிரும்பா. வாங்க, ஃபிரிட்ஜுல வச்சுட்டு வருவோம்."

அடுக்களையில் அவளே கதவைத் திறந்தாள். பழக்கத்தில் கதவு ரப்பரைத் தடவிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பிறகு உள்ளே பார்த்தேன். பால், தயிர், மாவு, மீன், கீரை, இளநீர். நடுத்தட்டு முழுக்க அவளுக்கு. இரும்புச்சத்து மருந்து, நறுக்கி மூடிவைத்த மாதுளை, கிழமை எழுதி ஒட்டிய ஏழு சின்ன டப்பாக்கள். எழுத்து நர்ஸ் எழுத்து, ஒரே அளவில், தெளிவாக. கீழ்த்தட்டு ஒன்றைத் துடைத்துக் காலியாக விட்டிருந்தார்கள். ஐந்து பேர் வீடு. ஆறாவது ஆளுக்கு இப்போதே இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

"அப்பா" என்றாள்.

"நல்ல ஃபிரிட்ஜ்" என்றேன். "நீ இங்கயே நில்லு மக்கா."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"நான் மெக்கானிக்காக்கும். சொல்லண்டாம்."

"நீங்க சங்கடப்படுவியன்னு நெனச்சேன்."

"எனக்கென்ன சங்கடம்? நீ வந்தா எனக்க நாலு சாளையில ரெண்டு போவும். காலத்த எழும்பிச் சாயா வேற போடணும்."

அவள் சிரித்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "சாயா மட்டும் போட்டுராதீங்கப்பா" என்றாள். தூக்கை நான் அந்தக் காலித் தட்டில் வைக்கப் போனேன். அவள் வாங்கி நடுத்தட்டில், மருந்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

திரும்பும் வழியில் காலிப் பெட்டியை அக்கா தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். என்னை வீட்டில் இறக்கிவிட்டு அவள் போகும்போது அந்தி சாயவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். பால் பாக்கெட் நாலு. முட்டை ஒரு டஜன். இளநீர், ஆரஞ்சு, நெய். கீழே அந்தத் தேங்காயெண்ணெய் உருண்டைகள், குளிரில் கெட்டியாக, ஒன்றுபோல வட்டமாக, அழகாக. எந்த மெக்கானிக் வந்து திறந்தாலும் பிள்ளைகள் உள்ள வீடு என்று அடித்துச் சொல்லியிருப்பான்.

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உடனே உருகியது. குற்றம் சொல்லமுடியாத ருசி. இன்னொன்றையும் எடுத்தேன். கதவை மூடாமல் அந்த வெளிச்சத்தின் முன்னாலேயே நின்று ஒவ்வொன்றாகத் தின்றேன். வாடிக்கைக்காரர் யாராவது கதவை அவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தால் திட்டியிருப்பேன்.